வரைபடம் தொலைந்த மாடல் விமானத்தை கேட் (CAD, கணினி வரைவு) மென்பொருளில் மீட்டெடுப்பது: முழுமையான வழிகாட்டி

அட்டாலியில் தூசி படிந்து கிடந்த ஒரு விமானம், பால்சா என்ற லேசான மரத்தில் செய்தது. இறக்கை மேலே உட்காரும் ட்ரெய்னர் வகை, அதாவது ஓட்டப் பழகுபவர்களுக்கானது; இறக்கையின் நீளம் ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் மேல். கிட்டோடு, அதாவது பாகப் பெட்டியோடு, வந்த வரைபடம் தொலைந்து பல வருடம் ஆகிவிட்டது. வால் ஒருமுறை ஒடிந்து ஒட்டியிருக்கிறது, ஒரு இறக்கை லேசாக முறுக்கிக்கொண்டிருக்கிறது. இதே விமானம் புதிதாக இன்னொன்று வேண்டும். என்ன செய்வது?

இந்த வேலையை நான் மூன்று விமானங்களுக்குச் செய்திருக்கிறேன். சாயங்காலம் என் பட்டறைக்கு வரும் கல்லூரிப் பசங்களையும் செய்ய வைத்திருக்கிறேன். அவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் மென்பொருளில் இல்லை. அதைத் திறப்பதற்கு முன்பே தப்பு நடந்து முடிந்திருக்கும். கையில் இருக்கும் விமானம் வெயிலில் வளைந்தது, விழுந்து ஒட்டியது. அதை அச்சு மாறாமல் வரைந்தால் வளைவும் சேர்ந்து வரும். வடிவமைத்தவர் முதலில் தாளில் என்ன எண் போட்டிருப்பார் என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை. கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

1. பிரிப்பதற்கு முன் எடையும் சமநிலையும்

விமானத்தைக் கண்டதும் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கத்தான் கை போகும். பொறுங்கள். முழுதாக இருக்கும்போது மட்டுமே கிடைக்கும் தகவல் இரண்டு: மொத்த எடை, சி.ஜி. எனும் ஈர்ப்பு மையம்.

பேட்டரியோடு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை எடை போடுங்கள். எங்கள் விமானம் பேட்டரியோடு 1700 கிராம். பிறகு இறக்கையின் அடியில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு விரல் வைத்துத் தூக்கி, மூக்கும் வாலும் சமமாக நிற்கும் இடத்தைப் பென்சிலால் குறியுங்கள். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 76 மி.மீ. பின்னால் வந்தது. இந்த மாதிரி ட்ரெய்னர்களில் அது இறக்கை அகலத்தில் 25 முதல் 33 சதவீதத்துக்குள் இருக்கும். வெளியே போனால் யாரோ மோட்டாரையோ பேட்டரியையோ மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அதன்பின் கழற்றுங்கள். இறக்கை, பாடி, வால், செர்வோ (மடல்களை அசைக்கும் குட்டி மோட்டார்) எல்லாவற்றையும் தனித்தனியாக எடை போட்டு எழுதி வையுங்கள். கடைசியில் கேட் கோப்பு உண்மை சொல்கிறதா என்று பார்க்க இந்தச் சீட்டுதான் சாட்சி.

2. கருவிகள், முக்கியமாக ஸ்கேல்

வெர்னியர் ஒன்று, ஒரு மீட்டர் ஸ்டீல் ஸ்கேல், மூலைமட்டம், டிஜிட்டல் கோணமானி, தூக்குக்குண்டு, சமையலறைத் தராசு, கெட்டி அட்டை. அட்டைக்குப் பழைய கல்யாணப் பத்திரிகை போதும்; வைகாசி முகூர்த்தம் முடிந்தால் எந்த வீட்டிலும் அதற்குப் பஞ்சமில்லை. தட்டையான தளத்துக்குச் சமையல் மேடையின் கிரானைட் பலகை நல்லது. வீட்டு அம்மணி அடுப்படியை விட்டு நகரும் நேரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்கேலை மட்டும் எங்கே வாங்கினோம் என்று பாருங்கள். ஒரு பையன் கோவை கணபதியில் தெரிந்த பேட்டர்ன் பட்டறையிலிருந்து இரவல் வாங்கி வந்தான். அவன் எடுத்த நீள அளவு எல்லாம் வெர்னியர் அளவோடு ஒத்துப்போகவில்லை. 1200 மி.மீ. இருக்க வேண்டிய பலகை 1188 காட்டியது. திருப்பிக் கொடுக்கப் போனபோது அங்கிருந்த பெரியவர் சிரித்தாராம். "கண்ணு, அது காஸ்டிங்குக்கு உண்டான ஸ்கேலு. இரும்பு ஆறுனா சுருங்குமில்ல? அதுக்குத்தான் நூத்துக்கு ஒண்ணு நீட்டி வெச்சிருக்கோம்." வார்ப்பு ஊரில் இது நடக்கும். வேலையைத் தொடங்கும் முன் ஸ்கேலையும் வெர்னியரையும் ஒன்றோடொன்று 100 மி.மீ.க்கு ஒப்பிட்டுப் பாருங்கள், 1 மி.மீ. வித்தியாசம் அங்கேயே தெரிந்துவிடும்.

3. அடிப்படைக் கோட்டைத் தீர்மானித்தல்

எல்லா அளவும் ஒரே இடத்திலிருந்து தொடங்க வேண்டும். நீளவாக்கில் நான் ஃபயர்வாலின் முகத்தைப் பூஜ்யமாக வைப்பேன். மோட்டாரைத் தாங்கும் அந்தப் பிளைவுட் பலகை இடம் மாறாது. மூக்கு நுனியிலிருந்து தொடங்கினால், ஸ்பின்னர் எனும் மூக்குக் கூம்பை யாராவது மாற்றியிருந்தால் எல்லா அளவும் போச்சு.

உயரத்துக்கு, வால் பலகை உட்காரும் தளத்தைக் கிடைமட்டமாக எடுத்துக்கொள்ளுங்கள். பாடியின் அடியில் மரத்துண்டுகளைச் சொருகி, கோணமானி அந்தத் தளத்தில் 0 காட்டும் வரை சரிசெய்யுங்கள். இனி எந்தக் கோணம் எடுத்தாலும் நேராக எழுதிக்கொள்ளலாம், கழித்தல் கணக்கு வேண்டாம்.

இறக்கையையும் வாலையும் மறுபடி மாட்டி, தரையில் நீளமான வெள்ளைத் தாளை விரித்து, ஃபயர்வால், இறக்கையின் முன், பின் விளிம்புகள், வாலின் கீல் ஆகிய இடங்களிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் புள்ளி வையுங்கள். ஆடி மாதத்தில் இதைத் திண்ணையில் செய்யாதீர்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றில் குண்டு நிற்கவே நிற்காது. கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, நூல் அசைவு ஓயும் வரை காத்திருந்தால் அரை மி.மீ. துல்லியம் கிடைக்கும்.

4. இறக்கையை அளத்தல்

அகலத்தை ஓரிடத்தில் மட்டும் அளக்காதீர்கள். நடுவில், பாதியில், நுனியில் என்று இரண்டு பக்கமும் எடுங்கள். எங்களுக்கு வந்தவை 253.5, 254.2, 253.8, 254.1, 254.0, 253.6. இறக்கை செவ்வக வகை, நுனிக்குப் போகப் போகக் குறுகவில்லை என்பது இதிலேயே தெரிந்துவிட்டது.

இறக்கை நடுவில் மேல்நோக்கி மடிந்திருக்கும் டைஹெட்ரல் கோணத்துக்கு எளிய வழி உண்டு. ஒரு பக்க இறக்கையை கிரானைட் மேல் அழுத்திப் பிடியுங்கள். மறுபக்க நுனி எவ்வளவு உயர்கிறது என்று அளங்கள். அரை இறக்கை 762 மி.மீ., நுனி 106 மி.மீ. உயர்ந்தது. கணக்குப் போட்டால் 8 டிகிரி, அதாவது பக்கத்துக்கு 4. பிறகு மறுபக்கத்தை அழுத்தியும் பாருங்கள்.

முறுக்கல்தான் புதியவர்களைக் குழப்பும். நடுவிலும் நுனியிலும் கோணமானியை இறக்கையின் அடியில் வைத்துப் படியுங்கள். இரண்டு நுனியிலும் பின்விளிம்பு ஒரே அளவு மேலே போயிருந்தால் அது வடிவமைத்தவர் வேண்டுமென்றே வைத்தது; வாஷ்அவுட் என்பார்கள், நுனி முதலில் தூக்குவிசை இழக்காமலிருக்க. ஒரு பக்கம் மட்டும் போயிருந்தால் அது வெயில் செய்த வேலை. எங்கள் விமானத்தில் இடது நுனியில் ஒன்றரை டிகிரி, வலது நுனியில் பூஜ்யம். ஆகவே வரைவதும் பூஜ்யம். சராசரி எடுத்து முக்கால் டிகிரி போட்ட பையனிடம் கேட்டேன்: "ஒரு கால் நொண்டுகிறது என்று இன்னொரு காலையும் பாதி நொண்ட வைப்பாயா?"

இறக்கையைப் போர்த்திய கவரிங் ஃபிலிமுக்குள் இருக்கும் ரிப்களை, அதாவது இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குப் பலகைகளை, பின்னால் டார்ச் அடித்தால் எண்ணலாம். 21 ரிப். இடைவெளி 75.8, 76.5, 76.1 என்று வந்தது.

5. எண்கள் எந்த மொழி பேசுகின்றன?

இந்தப் படிக்கு நிதானமாக ஒரு டீ குடிக்கும் நேரமாவது கொடுங்கள். 254, 76, 1524. மி.மீ.யில் பார்த்தால் அர்த்தமில்லாத எண்கள். 25.4ஆல் வகுத்துப் பாருங்கள்: அகலம் 10 அங்குலம், ரிப் இடைவெளி 3 அங்குலம், மொத்த நீளம் 60 அங்குலம். 60ஐ 3ஆல் வகுத்தால் 20 கட்டம், 21 ரிப். எல்லாம் கச்சிதமாகப் பொருந்துகிறது. இது அங்குலத்தில் வரைந்த கிட்.

இது தெரிந்துவிட்டால் மற்ற அளவுகள் தாமாக வழிக்கு வரும். ரிப்பின் தடிமன் வெர்னியரில் 2.4 மி.மீ. என்றால் அது 3/32 அங்குலம். 1.6 என்றால் 1/16. 3.2 என்றால் 1/8. பழைய பால்சா ஈரம் உறிஞ்சியும் காய்ந்தும் சற்று மாறியிருக்கும், அதனால் வெர்னியர் காட்டும் இரண்டாவது தசமத்தை நம்பி வரையாதீர்கள்.

எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு முழு எண்ணாக்கவும் கூடாது. மூன்று இடத்தில் அளந்தது ஒரே எண்ணைச் சுற்றி வந்தால் மட்டும் அதை முழுமையாக்குங்கள். ஒடிந்து ஒட்டிய வால் பகுதியில் வந்த எண்ணுக்கு மரியாதை கொடுக்க வேண்டாம்.

6. ரிப்பின் வடிவம்

விமானம் பறப்பதும் பறக்காததும் இங்கேதான் முடிவாகிறது. பத்திரிகை அட்டையில் குத்துமதிப்பாக ஒரு வளைவு வெட்டி இறக்கையின் மேல் வைத்துப் பாருங்கள். எதிர்ப்பக்கம் டார்ச் வைத்தால் இடிக்கும் இடமும் வெளிச்சம் கசியும் இடமும் தெரியும். இடிக்கும் இடத்தைக் கத்தரியுங்கள், மறுபடி வையுங்கள். ஏழெட்டு முறையில் வெளிச்சம் நின்றுவிடும். மேல்பக்கத்துக்கு ஒரு அட்டை, மூக்குப் பகுதிக்கு ஒரு அட்டை. அடிப்பக்கம் தட்டை என்றால் ஸ்கேலே போதும்.

நேராக வைத்த இறக்கையின் அதிகபட்சத் தடிமன் 29.8 மி.மீ., முன்விளிம்பிலிருந்து சுமார் 71 மி.மீ. தள்ளி. அகலத்தில் இது 11.7 சதவீதத் தடிமன், 28 சதவீதத்தில் உச்சம், பின்பாதி அடியில் தட்டை. இந்த மூன்றும் சேர்ந்தால் அது பெரும்பாலும் கிளார்க் ஒய் என்ற இறக்கை வடிவம். 1922இல் வர்ஜினியஸ் கிளார்க் வடிவமைத்தது. ட்ரெய்னர் மாடல்களில் இன்றும் எங்கும் காணலாம். அடி தட்டையாக இருப்பதால் மேஜை மேல் வைத்தே ஒட்டிவிடலாம், அதுதான் காரணம்.

பெயர் கிடைத்துவிட்டால் அட்டையைப் பார்த்து வளைவு வரைய வேண்டியதில்லை. இல்லினாய்ஸ் பல்கலைக்கழகம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இறக்கை வடிவங்களின் புள்ளிகளை இலவசமாக வைத்திருக்கிறது. அதிலிருந்து கிளார்க் ஒய் கோப்பை எடுத்து, 254ஆல் பெருக்கி, காகிதத்தில் அச்செடுத்து உங்கள் அட்டையின் மேல் வையுங்கள். பொருந்தினால் சரி. பொருந்தாவிட்டால் பக்கத்து வடிவங்களைத் தேடுங்கள். எதுவுமே பொருந்தாவிட்டால் மட்டும் அட்டையை ஸ்கேன் செய்து கையால் வரையுங்கள்.

இங்கே இரண்டு பள்ளங்கள் உண்டு. நானே இரண்டிலும் விழுந்து எழுந்தவன்.

ஒன்று, அந்தக் கோப்பில் வடிவத்தின் மூக்கையும் (முன்விளிம்பு) வாலையும் (பின்விளிம்பு) இணைக்கும் கோடுதான் கிடைமட்டம். நீங்கள் கோணமானி வைத்தது தட்டையான அடிப்பக்கத்தில். கிளார்க் ஒய்யில் இரண்டுக்கும் சுமார் 2 டிகிரி வித்தியாசம். பாடியில் இறக்கை உட்காரும் தளம் அரை டிகிரி காட்டியதால் கோப்பின் கோட்டை அரை டிகிரியில் வைத்தால், விமானம் 2 டிகிரி மூக்கு குனிந்த இறக்கையோடு வரும். சரியாக வைக்க வேண்டியது இரண்டரையில்.

இரண்டு, நீங்கள் அளந்தது வெளித்தோல். முன்பகுதியில் ரிப்புக்கு மேல் 1/16 அங்குலப் பால்சா பலகை போர்த்தியிருக்கும். அந்த 1.6 மி.மீ.யை மேலும் கீழும் உள்நோக்கிக் கழித்தால்தான் ரிப். கழிக்க மறந்தால் இறக்கை 3 மி.மீ. குண்டாகிவிடும்.

7. பாடி: போட்டோவும் ஸ்கேனும்

பக்கவாட்டுத் தோற்றத்துக்கு போட்டோ நல்ல துணை. ஆனால் ஒரு மீட்டர் தூரத்தில் நின்று எடுத்தால், 50 மி.மீ. முன்னால் துருத்திக்கொண்டிருக்கும் பகுதி 5 சதவீதம் பெரிதாகத் தெரியும். 5 மீட்டர் தள்ளிப் போய் ஜூம் செய்து எடுத்தால் அதே பிழை 1 சதவீதம். வீட்டில் நீளமான இடம் வாசல்தான் என்றால் வாசலிலேயே எடுங்கள். விமானம் படத்தின் நடுவில் இருக்கட்டும். ஓரத்தில் லென்ஸ் வளைக்கும். ஸ்கேலை எந்தப் பரப்பை அளக்கிறோமோ அதே பரப்பில் ஒட்டி வையுங்கள், அடியில் தரையில் அல்ல.

போன் வைத்து முப்பரிமாண ஸ்கேன் எடுக்கலாமே என்று எல்லாரும் கேட்கிறார்கள். பளபளக்கும் ஃபிலிமில் ஸ்கேன் தடுமாறும். முகப் பவுடர் பூசினால் ஓரளவு வரும். வந்தாலும் கிடைப்பது வளைந்த விமானத்தின் லட்சக்கணக்கான முக்கோணங்கள். அதிலிருந்து ஒரு ரிப் கூட வெட்ட முடியாது. மோட்டார் மூடிக்கும் கண்ணாடிக் கூண்டுக்கும் மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

பாடியின் குறுக்குச் சட்டங்களான ஃபார்மர்கள் இருக்கும் இடங்களில் வெர்னியரால் அகலத்தையும் உயரத்தையும் எடுத்தால் போதும். இடையில் எடுப்பது வீண் வேலை. பாடியின் வடிவத்தை நிறுத்துவதே ஃபார்மர்கள்தான்.

8. கேட்: முதலில் எண், பிறகு கோடு

ஃப்ரீகேட் (FreeCAD) மென்பொருள் இலவசம், இந்த வேலைக்கு தாராளம். கல்லூரியில் சாலிட்வொர்க்ஸ் பழகியிருந்தால் அதிலேயே செய்யுங்கள், வரிசை ஒன்றுதான்.

கோடு வரையும் முன் ஓர் அட்டவணை: இறக்கை நீளம், அகலம், ரிப் இடைவெளி, டைஹெட்ரல், இறக்கைக் கோணம், பால்சா தடிமன், பிளைவுட் தடிமன், சி.ஜி. இடம். ஸ்கெட்சில் எங்கும் எண்ணை நேராக எழுதாமல் இந்த அட்டவணையைச் சுட்டுங்கள். காரணம் நடைமுறை. 3/32 பால்சா கடையில் கிடைக்காமல் போகலாம், 2 அல்லது 2.5 மி.மீ. கொடுப்பார்கள். அட்டவணையில் ஒரே ஓர் எண்ணை மாற்றினால் ஸ்பாரிலும் (இறக்கையின் நீளவாக்குச் சட்டம்) ஃபார்மரிலும் உள்ள எல்லாக் காடியும் (பலகை சொருகும் வெட்டு) தானாக மாற வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு காடியாகத் தேடித் திருத்திக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

அடுத்து பக்கவாட்டு, மேல் தோற்றங்களுக்கு இரண்டு மாஸ்டர் ஸ்கெட்ச். போட்டோவை அடியில் வைத்து, தெரிந்த ஒரு நீளத்தைக் கொண்டு அளவு சரிசெய்யுங்கள். தெரிந்த நீளம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது, 50 மி.மீ. சக்கரத்தை வைத்துச் சரிசெய்தால் ஒரு மி.மீ. பிசகு கூட முழு விமானத்தில் 2 சதவீதமாக வளரும். போட்டோவும் வெர்னியரும் சண்டை போட்டால் வெர்னியர் சொல்வதே சரி.

வளைவுகளுக்கு முடிந்தவரை குறைந்த புள்ளிகள். முதுகு வளைவுக்கு நாலைந்து போதும். இருபது புள்ளி வைத்தால் கோடு நடுங்கும், மேலே போர்த்தும் பலகையும் அலை அலையாக வரும்.

9. இறக்கை

புள்ளிக் கோப்பை ஃப்ரீகேட் நேராகவே திறக்கும். வேறு மென்பொருளில் இறக்கை 10 மடங்கு பெரிதாக வந்தால், அது எண்களை சென்டிமீட்டராக எடுத்துக்கொண்டது, பதற வேண்டாம். கோப்பில் புள்ளிகள் வழக்கமாக வால் நுனியில் தொடங்கி, மேல்வழியாக மூக்குக்கு வந்து, அடிவழியாகத் திரும்பும். வரிசையைக் கலைத்தால் நூல்கண்டு சிக்கின மாதிரி ஆகும்.

ஒரே வளைவாக ஓட்டாமல் மூக்கில் வெட்டி மேல், கீழ் என இரண்டாக்கி, மூக்கில் சந்திக்கும்போது இரண்டு வளைவின் தொடுகோடும் செங்குத்தாக நிற்கச் செய்யுங்கள். வால் நுனியைக் கத்தி முனையாக விடாதீர்கள், பால்சாவில் அது நிற்காது; 1.5 மி.மீ. தடிமனில் நறுக்குங்கள்.

ஒரு பக்கம் மட்டும் வரைந்து கண்ணாடிப் பிம்பமாக மறுபக்கம் எடுங்கள். 4 டிகிரி சாய்வைக் கடைசியில் கொடுங்கள். முதலிலேயே சாய்த்தால் ஒவ்வொரு ரிப்பையும் சாய்ந்த தளத்தில் வரைய வேண்டி வரும்.

10. ஃபயர்வால் கோணம்

மோட்டார் நேராகப் பார்ப்பதில்லை. எங்கள் விமானத்தில் 3 டிகிரி கீழ்நோக்கி, 2 டிகிரி வலப்பக்கம். யாருடைய வலம்? விமானத்துக்குள் உட்கார்ந்திருக்கும் பைலட்டின் வலம். மூக்குப் பக்கம் நின்று பார்த்து வரைகிறவர்கள் இதைத் தவறாமல் திருப்பிப் போடுகிறார்கள். என் பட்டறைக்கு வந்தவர்களில் பாதிப் பேர். மென்பொருளில் விமானத்தின் பின்னாலிருந்து பார்க்கும் கோணத்துக்குப் போய்விட்டு அப்புறம் வரையுங்கள்.

வலப்பக்கம் திருப்பினால் மோட்டார் ஷாஃப்ட்டின் நுனியும் வலப்பக்கம் நகரும். 100 மி.மீ. நீளத்துக்கு 2 டிகிரி என்றால் 3.5 மி.மீ. அதனால் மோட்டாரின் துளைகளை அதே அளவு இடப்பக்கம் தள்ள வேண்டும். பழைய ஃபயர்வாலில் துளைகள் நடுவில் இல்லாததைப் பார்த்துத் தப்பு என்று திருத்திவிடாதீர்கள்.

11. எடைச் சீட்டை எடுங்கள்

ஒவ்வொரு பாகத்துக்கும் பொருளைக் கொடுத்தால் மென்பொருள் எடை சொல்லும். பால்சாவுக்கு கன சென்டிமீட்டருக்கு 0.16 கிராமில் தொடங்கலாம். முதல் படியில் எழுதிய சீட்டோடு பாகம் பாகமாக ஒப்பிடுங்கள். பசையும் ஃபிலிமும் கேட்டில் இல்லை என்பதால் கேட் எடை குறைவாகத்தான் இருக்க வேண்டும். நிஜத்தைவிட அதிகமாக வந்தால் எங்கோ பாகத்தை இரட்டிப்பாகவோ தடிமனாகவோ வரைந்திருக்கிறீர்கள். ஒருமுறை வால் பலகை 40 கிராம் கூடுதலாகக் காட்டியது. திறந்து பார்த்தால் வெறும் சட்டமாக இருக்க வேண்டியதை ஒரு பையன் முழுப் பலகையாக வரைந்திருந்தான்.

1700 கிராமை இறக்கைப் பரப்பான 38.7 சதுர டெசிமீட்டரால் வகுத்தால் சதுர டெசிமீட்டருக்கு 44 கிராம் வருகிறது. புதிய விமானமும் இதைச் சுற்றி வந்தால்தான் பழையது போல் மெதுவாக இறங்கும்.

12. வெட்டக் கொடுத்தல்

அக்ரிலிக் போர்டு செய்யும் கடைகளில் லேசர் இருக்கும். கொடுக்க வேண்டியது டி.எக்ஸ்.எஃப் (DXF) எனும் கோட்டு வரைபடக் கோப்பு. கோப்பின் ஓரத்தில் 100 மி.மீ. சதுரம் ஒன்று வரைந்து வையுங்கள். அங்குலக் குழப்பத்தில் கோப்பு 25 மடங்கு மாறித் திறப்பது சகஜம். வெட்டும் முன் அந்தச் சதுரத்தை அளந்து காட்டச் சொல்லுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் இரட்டைக் கோடுகளை அழித்துவிடுங்கள், அவை இரண்டு முறை எரியும்.

லேசர் தன் வழியில் 0.1 முதல் 0.2 மி.மீ. வரை தின்றுவிடும். அதை யூகிக்க வேண்டாம். முதலில் ஒரு சிறு சீப்பு வெட்டுங்கள்: 3 மி.மீ. பலகைக்கு 2.7, 2.8, 2.9, 3.0, 3.1 என்று ஐந்து காடிகள். எதில் கையால் அழுத்தினால் இறுக்கமாக இறங்கி, தலைகீழாகப் பிடித்தால் விழாமல் நிற்கிறதோ, அந்த எண்ணை அட்டவணையில் போடுங்கள்.

முழுக் கிட்டையும் ஒரே மூச்சில் வெட்டச் சொல்லாதீர்கள். மூன்று ரிப், ஒரு துண்டு ஸ்பார், ஃபயர்வால். வீட்டுக்குக் கொண்டு வந்து பசை தொடாமல் கோர்த்து, பழைய இறக்கையின் மேல் வைத்துப் பாருங்கள். பத்திரிகை அட்டையைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள் அல்லவா? முன்பகுதியில் 1/16 பலகைத் துண்டு ஒன்றை ரிப் மேல் வைத்து அந்த அட்டையை அதன்மேல் வையுங்கள். டார்ச் வெளிச்சம் கசியவில்லை என்றால் மீதியை வெட்டச் சொல்லலாம்.